மேடைக்கு ஓர் உடம்பு



பள்ளி ஆண்டு விழாவில் பீமன் வராத ஊர் நம்மிடம் உண்டா? வகுப்பிலேயே உயரமான பையனைப் பிடித்து, பனியனுக்குள் ஒரு தலையணையைத் திணித்து, மேலே ஜரிகை வேட்டியைச் சுற்றி, கையில் அட்டைக் கதாயுதத்தைக் கொடுத்து மேடைக்குத் தள்ளிவிடுவோம். முதல் வசனம்வரை தலையணை வயிற்றில் இருக்கும். கொஞ்ச நேரத்தில் இடுப்புக்கு இறங்கும். கீசகனோடு மல்லுக்கட்டும்போது அது எங்கே போய்ச் சேரும் என்று நான் சொல்லவேண்டியதில்லை. கூட்டம் சிரித்துத் தீர்த்துவிடும்.

அந்தத் தலையணை நழுவாமலே இருந்தால்கூட அவன் பீமன் ஆகமாட்டான். கழுத்து அந்தப் பையனுடைய கழுத்துதான். மணிக்கட்டும் கணுக்காலும் அப்படியே ஒல்லியாக இருக்கின்றன. பீமன் போன்ற உடம்பில் வயிறு மட்டும் தனியாக வளர்ந்திருக்குமா? உடம்பு பெருத்தால் பிடரி திரளும், முதுகு அகலும், தொடைகள் ஒன்றையொன்று தள்ளும், கைகள் விலாவை ஒட்டித் தொங்காமல் சற்று விலகியே நிற்கும். வயிறு இதில் கடைசியாகக் கணக்கில் வருவது.

பஞ்சும் துணியும் கயிறும் வைத்து ஒருவருடைய உடம்பின்மேல் இன்னோர் உடம்பை உண்டாக்கும் தொழிலைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். குறிப்பாக, அதை எப்படிக் கற்றுக்கொள்வது என்பது பற்றி. சினிமாவில் இது நமக்குப் பழக்கமான வித்தை. 1996-இல் ‘அவ்வை சண்முகி’ வந்தபோது கமல்ஹாசனின் மாமி முகத்தைப் பற்றி ஊரே பேசியது. முந்தானைக்குக் கீழே இருந்த உடம்பைப் பற்றி யாரும் பேசியதாக எனக்கு நினைவில்லை. கேமரா முகத்தின் பக்கத்திலேயே போய் நிற்பதால் அங்கே முகம்தான் முதலாளி. மேடையில் நிலைமை வேறு. கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குக் கண் இமை தெரியாது. அவருக்குத் தெரிவது உருவத்தின் வெளிக்கோடும் நடையும். அந்த இரண்டையும் தருவது உடைக்குள்ளே இருக்கிற உடை.

இது பழைய தொழில். கி.மு. நான்காம் நூற்றாண்டில் தென் இத்தாலியில் செய்த மண்பாண்டங்களில் கிரேக்க நகைச்சுவை நடிகர்களை வரைந்து வைத்திருக்கிறார்கள். வயிறும் பின்புறமும் திணித்துப் புடைத்த உள்ளுடைகளோடு நிற்கிறார்கள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் லூசியன் என்ற எழுத்தாளர், சோக நாடக நடிகர்கள் மார்பிலும் வயிற்றிலும் அடைத்துக்கொண்டு வருவதைக் கேலி செய்திருக்கிறார். பீக்கிங் ஆப்பராவில் முகத்தில் வண்ணம் தீட்டிய வீரர்கள் மேலங்கிக்குள்ளே பஞ்சு வைத்துத் தைத்த ஒரு கைவைக்காத சட்டை அணிவார்கள். தோள் அகன்று காட்டும். அதற்கு ஈடாகக் காலில் கனத்த அடி வைத்த பூட்ஸ் இருக்கும். ஜப்பானின் கபுகியில் மல்லர் வேஷத்துக்குத் தோல் நிறத்திலேயே பஞ்சு வைத்த உள்ளாடை உண்டு. இப்படிப் பல நாடுகளில் மேடைக்காரர்கள் இதைச் செய்துவந்திருக்கிறார்கள்.

இவற்றையெல்லாம் பார்த்தால் இரண்டே வழிகள்தான் தெரிகின்றன. ஒன்று, உடம்பைத் தைப்பது. மற்றொன்று, உடம்பைக் கட்டுவது. தைத்த உடம்பு பெட்டிக்குள் காத்திருக்கும். நடிகர் வந்து அதற்குள் நுழைந்துகொள்வார். கட்டிய உடம்பு ஒவ்வோர் இரவும் புதிதாக உண்டாகி, விடிந்தால் வெறும் துணியாகிவிடும். முதலில் தையலைப் பார்ப்போம்.

மேல்நாட்டு நாடக அரங்குகளின் தையற்கூடங்களில் இதைச் செய்யும் முறை ஏறக்குறைய இப்படி. தோளிலிருந்து தொடைவரை உடலோடு ஒட்டும் ஒரே துண்டான உள்ளாடை, இழுத்தால் நீளும் துணியில் தைப்பார்கள். நடிகர் அதை மாட்டிக்கொண்டு நிற்க, துணிமேலேயே குறி போடுவார்கள். விலா எங்கே முடிகிறது, இடுப்பெலும்பு எங்கே துருத்துகிறது, குனிந்தால் எந்த இடம் மடிகிறது என்று. பிறகு நாற்காலியில் உட்காரச் சொல்லி மறுபடியும் குறி. நின்றபோது போட்ட கோடும் உட்கார்ந்தபோது போட்ட கோடும் ஒத்துப்போகாது. அந்த இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிற இடம்தான் தொழிலின் சூட்சுமம். அங்கே பஞ்சைக் குறைக்கவேண்டும், சில இடங்களில் வைக்கவே கூடாது. தொடை தொடங்கும் இடத்தில் ஆப்பு வடிவில் வெட்டி எடுக்காவிட்டால், நடிகர் உட்கார்ந்தவுடன் வயிறு மேலே ஏறி முகவாயில் இடிக்கும்.

அப்புறம்தான் பஞ்சு. இலவம் பஞ்சு இலேசானது, நம் ஊரில் கிடைப்பது. ஆனால் தைக்கும்போது அறை முழுதும் பறக்கும், நாலு காட்சி ஆனதும் அமுங்கிப்போகும். பருத்திப் பஞ்சு வியர்வையைக் குடித்துக் கட்டிதட்டும். அதனால் விரிப்பாக வரும் பாலியஸ்டர் பஞ்சைத்தான் பெரும்பாலும் பயன்படுத்துகிறார்கள். சிறிய துண்டை முதலில் வைத்து, அதைவிடப் பெரியதை அதன்மேல் வைத்து, ஆகப் பெரியதைக் கடைசியாகப் போர்த்தவேண்டும். புதிதாகச் செய்கிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்வார்கள். பெரியதை அடியில் போட்டு மேலே சிறியதாக அடுக்கினால், வெளியே படிப்படியாகத் தெரியும். இன்னொரு விஷயம், பஞ்சின் ஓரத்தைக் கத்தரியால் வெட்டக்கூடாது, விரலால் பிய்க்கவேண்டும். வெட்டிய ஓரம் பட்டுச் சட்டையின் மேலேகூடக் கோடாகத் துருத்தும். பிய்த்த ஓரம் தேய்ந்து உடம்போடு கலந்துவிடும். அடுக்குகளை நெருக்கமாகத் தைத்து இறுக்கவும் கூடாது. தளர்வான ஓட்டுத் தையல் போதும். சதைக்கு மடிப்பு வேண்டிய இடத்தில் மட்டும் நீண்ட ஊசியால் எல்லா அடுக்கையும் ஊடுருவிக் குத்தி, நூலைச் சுண்டி இழுத்து முடிச்சுப் போடுவார்கள். ஒரே இழுப்பில் மார்புக்குக் கீழே மடிப்பு விழுந்துவிடும். பார்ப்பதற்கு ஆச்சரியமாக இருக்கும்.

இவ்வளவு செய்தும் அது பஞ்சுதானே, கனம் கிடையாது. நடிகர் துள்ளினால் வயிறும் பலூனாகத் துள்ளும். அதற்காக அடிவயிற்றில் சின்னத் துணிப்பைகளில் பிளாஸ்டிக் மணியோ தானியமோ போட்டுத் தைத்து வைப்பார்கள். அப்போதுதான் நடந்து வந்தவர் சட்டென்று நின்றால், வயிறு ஒரு கணம் கழித்து நிற்கும். அந்த ஒரு கணத்தைத்தான் பார்வையாளர் நம்புகிறார். தானியம் போட்டால் எலி வரும் என்பது தனிக் கதை.

பாடுகிறவர்களுக்கு இது இன்னும் சிக்கல். வெர்டியின் ‘ஃபால்ஸ்டாஃப்’ ஆப்பரா 1893-இல் மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் முதன்முதலாக நடந்தது. கதாநாயகன் ஊரறிந்த தொந்திக்காரர், குடிகாரர். இந்தப் பாத்திரத்தைப் பாடுகிறவர் ஒல்லியாக இருந்தால் திணிப்பு கட்டாயம். ஆனால் பாடகரின் மூச்சு கீழ் விலாவில் இருக்கிறது. அந்த விலா விரிய இடம் விடாமல் பட்டையாக இறுக்கினால் இரண்டாவது அங்கத்துக்குள் குரல் தேய்ந்துவிடும். ஆகவே கனத்தைத் தோளிலிருந்து தொங்கவிட்டு இடுப்பெலும்பில் உட்காரவைத்து, நடுவே விலாவைச் சும்மா விட்டுவிடவேண்டும். வெளியே பார்த்தால் பெருத்த மனிதர். உள்ளே ஒரு கூட்டுக்குள் அவர் சுதந்திரமாக மூச்சு விட்டுக்கொண்டிருப்பார்.

நல்ல திணிப்புக்கு ஒரு சரித்திரமும் உண்டு. ‘மட்டில்டா’ நாடகத்தில் வரும் கொடுங்கோல் தலைமையாசிரியை மிஸ் டிரஞ்ச்புல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 2010-இல் ராயல் ஷேக்ஸ்பியர் கம்பெனி அதை ஸ்டிராட்ஃபோர்டில் மேடையேற்றியபோது பெர்ட்டி கார்வெல் என்ற ஆண் நடிகர் அந்த வேஷம் கட்டினார். உடை வடிவமைப்பு ராப் ஹவல். கதைப்படி அந்த அம்மாள் ஒரு காலத்தில் சுத்தியல் எறிதல் வீராங்கனை. ஆகவே அவருடைய பருமன் சாப்பாட்டால் வந்த பருமன் அல்ல. எடையெல்லாம் தோளிலும் மேல்முதுகிலும் மார்பிலும் ஏறி நிற்கவேண்டும். இப்படி ஒரு பாத்திரத்தைக் கொடுத்தால், உடை செய்கிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி ‘எவ்வளவு குண்டு?’ என்பது இல்லை. ‘இவர் இத்தனை வருஷமாக என்ன வேலை செய்தார்?’ என்பதுதான். மூட்டை தூக்கிய உடம்பும் கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்த உடம்பும் எடையில் ஒன்றாக இருக்கலாம். மேடையில் ஒன்றாக இருக்கக்கூடாது.

வெக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பாலியஸ்டருக்குள் நின்று விளக்கொளியில் இரண்டு மணி நேரம் ஆடினால் உடம்பு தெப்பமாக நனைந்துவிடும். திணிப்பைத் தினமும் துவைக்கமுடியாது. உள்ளே தனியாக ஒரு பருத்தி உடை அணிந்து அதை மட்டும் தினமும் அலசிப் போடுவார்கள். திணிப்பின்மேல் மேல்நாட்டு அரங்குகளில் வோட்காவைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. நாற்றம் போகும், கறை படியாது. நம் பக்கத்தில் அதற்குச் சித்திரை வெயில் இருக்கிறது, செலவில்லை.

இனிக் கட்டும் உடம்புக்கு வருகிறேன். எனக்கு அதிகம் பிடித்ததும் இதுதான்.

கதகளி பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களும் படத்தில் கண்டிருப்பீர்கள்: பச்சை முகம், பெரிய கிரீடம், இடுப்பைச் சுற்றிக் குடை விரித்த பாவாடை. அந்தப் பாவாடைக்கு மலையாளத்தில் உடுத்துகெட்டு என்று பெயர். அதைத் தையல்காரர் யாரும் தைத்துத் தருவதில்லை. அணியறையில் நடிகர் முதலில் பாயில் மல்லாந்து படுக்க, முகத்தின் ஓரத்தில் அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்ந்த சுட்டியை ஒருவர் மணிக்கணக்கில் வைப்பார். அது முடிந்து எழுந்த பிறகுதான் இடுப்பு வேலை. நடிகர் காலை அகட்டி நிற்பார். கஞ்சி போட்ட முரட்டுத் துணித் துண்டுகளை நீளமான கச்சையோடு சேர்த்து மடித்து மடித்துத் தொங்கவிட்டுக்கொண்டே இடுப்பைச் சுற்றி வருவார்கள். ஒரு சுற்று முடிந்ததும் ஒருவர் பின்னால் நின்று முழுப் பலத்தோடு இழுப்பார். நடிகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிர்ப்பக்கம் தள்ளிக்கொடுப்பார். அந்த இழுப்பில் ஒரு பேச்சுவார்த்தை நடக்கிறது. போதுமா, இன்னும் இறுக்கலாமா, இடதுபக்கம் தொங்குகிறதா என்பதெல்லாம் கயிற்றிலேயே தெரிந்துவிடும். மேலும் மேலும் அடுக்கு. கடைசியில், ஓரத்தில் வண்ணக் கரை போட்ட வெள்ளைத் துணி எல்லாவற்றையும் மூடும். பட்டுவால், முந்தி என்ற துணிகள் முன்னால் தொங்கும். மேலே குப்பாயம் என்ற கனமான முழுக்கைச் சட்டை.

இதன் விளைவைக் கவனியுங்கள். கதகளி நடிகர் முழங்காலை அகட்டி மடக்கி, பாதத்தின் வெளி ஓரத்தில் நின்று ஆடுகிறவர். அந்த நிலையை வெறும் வேட்டியில் பார்த்தால் சிரமம் தெரியும். உடுத்துகெட்டு அந்த அகட்டிய முழங்காலை உள்ளே வாங்கிக்கொள்கிறது. கைகளைத் தொங்கவிடமுடியாது, பாவாடை இடிக்கும். ஆகவே முழங்கை உயர்ந்தே நிற்கிறது. அந்த உயரம்தான் முத்திரைக்கு வேண்டிய உயரம். ஆட்டமும் உடையும் இப்படிப் பொருந்திவருவதைப் பார்க்கும்போது எது எதைப் பார்த்து வளர்ந்தது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. முன்னால் எண்ணெய் விளக்கு எரிகிறது.  அந்த வெளிச்சத்தில் பாவாடையின் கரை ஒளிர, அதற்கு மேலே ஒரு மனிதருக்குரிய அகலத்தைப்போல் இரண்டு மடங்கு அகலமுள்ள ஓர் உருவம் எழுகிறது. அசுரன் என்றால் இனி யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள்.

வள்ளத்தோளும் மணக்குளம் முகுந்த ராஜாவும் 1930-இல் தொடங்கிய கேரள கலாமண்டலத்தில் சுட்டியைத் தனிப் பாடமாகவே கற்பிக்கிறார்கள். உடை கட்டுகிறவருக்கும் ஆட்டம் தெரிந்திருக்கவேண்டும். ஆட்டம் எங்கே குதிக்கும், எங்கே சுழலும் என்பது மனப்பாடமாக இல்லாதவர் கட்டிய முடிச்சு நடுராத்திரியில் அவிழும்.

நம் வடமாவட்டங்களின் கூத்திலும் இதே வழிதான். கட்டை வேஷக்காரருக்கு மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்த கிரீடம், புஜத்துக்கு, மார்புக்கு என்று தனித்தனி அணிகள், கீழே விரிந்த பாவாடை. கூத்துக்காரர்கள் தங்கள் ஒப்பனையைத் தாங்களே போட்டுக்கொள்வார்கள், கட்டுவதற்கு ஒருவருக்கொருவர் கைகொடுப்பார்கள். தனியாக உடைக்காரர் என்று ஒருவருக்குக் காத்திருப்பதில்லை. காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. ராஜகோபாலும் ஹன்னே டி பிரயினும் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண்பிள்ளைகளும் கட்டை வேஷம் கட்டினார்கள். கேரளத்தில் திருப்பூணித்துறையில் 1975-இல் பெண்களுக்கென்றே ஒரு கதகளிக் குழு உண்டானது. பத்து வயதுப் பெண்ணும் துரியோதனன் ஆகலாம், ஐம்பது வயது அம்மாளும் இராவணன் ஆகலாம். கட்டுகிற உடம்பு யாருக்கும் அளவு பார்ப்பதில்லை. தைத்த உடம்பு அப்படியில்லை. அது ஒருவருக்கென்றே செய்தது. அவருக்குக் காய்ச்சல் வந்து மாற்று நடிகர் வந்தால், மார்பு ஓரிடத்திலும் திணிப்பின் மார்பு வேறோரிடத்திலும் நிற்கும்.

அதனால்தான் இதைக் கற்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது: தையல் இயந்திரத்தின் பக்கம் போவதற்கு முன்னால் ஒரு வருஷமாவது கட்டிப் பழகுங்கள். கயிறு பிடித்து இழுக்கிறவருக்கு ஒரே மாதத்தில் தெரிந்துவிடும், மனித உடம்பில் கனத்தைத் தாங்கும் இடம் இடுப்பெலும்புதான், வயிறு எதையும் தாங்காது என்று. தையற்கூடத்தில் இது தெரிய ஒத்திகையின் கடைசி வாரம் ஆகும்; அதற்குள் துணியும் பணமும் போயிருக்கும். கட்டுவதில் தப்பு நடந்தால் அவிழ்த்துவிட்டு மறுபடி கட்டலாம். கட்டுகிற நேரம் முழுக்க வேஷக்காரர் உங்கள் எதிரில் நிற்கிறார், முகம் சுளித்தால் தெரிகிறது. தையலில் அவர் எங்கேயோ இருக்க, நீங்கள் ஒரு பொம்மையின்மேல் பஞ்சை ஒட்டிக்கொண்டிருப்பீர்கள். கட்டுவதால் எல்லாம் ஆகிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஃபால்ஸ்டாஃப் இரவுச் சட்டையோடு வந்து நிற்கவேண்டுமானால் கஞ்சித் துணி உதவாது. மெல்லிய துணிக்குக் கீழே சதை போலவே தெரியவேண்டிய இடத்தில் ஊசிதான் கதி.

நம் நாடகக் குழுக்கள்மேல் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. அரங்க அமைப்புக்கும் விளக்குக்கும் மாதக்கணக்கில் திட்டம் போடுவார்கள். திணிப்புக்கு மட்டும் நாடகத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் யாராவது ஒரு அக்காவைக் கூப்பிட்டு ‘கொஞ்சம் வயிறு வச்சு விடுங்க’ என்பார்கள். அந்த நடிகர் ஒல்லியான உடம்பிலேயே ஒத்திகை முழுதும் நடந்து பழகியிருப்பார். மறுநாள் வந்து ஏறிய வயிறு அவருக்கு உறவே இல்லை. ஒத்திகையின் முதல் வாரத்திலேயே, அழுக்குத் துணியில் செய்ததானாலும் பரவாயில்லை, அந்தக் கனத்தை அவர்மேல் ஏற்றிவிடவேண்டும். படியேறும்போது கைப்பிடியைத் தேடவும், நாற்காலியில் உட்காரும் முன் அதன் அகலத்தை ஒரு பார்வை பார்க்கவும் அவர் தானாகவே கற்றுக்கொள்வார். இதையெல்லாம் எந்த இயக்குநரும் சொல்லிக்கொடுக்கமுடியாது.

இன்னொரு கேள்வியையும் ஒதுக்கிவிட்டுப் போகமுடியாது. குண்டாக இருப்பதையே நகைச்சுவையாக்கும் வழக்கம் நம் மேடைக்கும் சினிமாவுக்கும் நெடுநாளாக உண்டு. திணிப்புடை அதற்கு மலிவான கருவி. நியூயார்க்கில் 2002-இல் ‘ஹேர்ஸ்ப்ரே’ இசை நாடகத்தில் ஹார்வி ஃபையர்ஸ்டீன் எட்னா என்ற பருத்த தாயாக நடித்தார். அவருக்கும் உடை வடிவமைத்த வில்லியம் ஐவி லாங்குக்கும் மறுவருஷம் டோனி விருது கிடைத்தது. அந்த எட்னா வீட்டைவிட்டு வெளியே வரக் கூச்சப்பட்டு, கடைசியில் எல்லோருக்கும் முன்னால் ஆடுகிறவள். பார்ப்பவர்கள் அவளோடு சேர்ந்து சிரிக்கிறார்கள். ‘தி வேல்’ என்ற நாடகம் 2012-இல் நியூயார்க்கில் நடந்தபோது ஷூலர் ஹென்ஸ்லி மிகப் பருமனான ஆசிரியராகத் திணிப்புடையில் நடித்தார். அதே கதை 2022-இல் பிரெண்டன் ஃபிரேசரோடு படமாகி ஒப்பனைக்கு ஆஸ்கர் பெற்றது. படம் வந்தபோது, உண்மையிலேயே பருமனான நடிகர் ஒருவருக்கு ஏன் இடம் தரவில்லை என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி என்றே நினைக்கிறேன். பருமனான நடிகர்கள் வேலையில்லாமல் இருக்கும்போது ஒல்லியானவருக்குப் பஞ்சு அடைப்பது இந்தத் தொழிலுக்குப் பெருமை சேர்க்காது. பீமனும் அசுரனும் டிரஞ்ச்புல்லும் வேறு விஷயம். அந்த உடம்புகள் தெருவில் யாருக்கும் கிடையாது, செய்துதான் ஆகவேண்டும்.

வீட்டிலேயே தொடங்க நினைப்பவர்களுக்குப் பழைய போர்வை இரண்டும் நீளமான பருத்திக் கச்சை ஒன்றும் போதும். தோழர் ஒருவரை நிறுத்தி இடுப்பைச் சுற்றிக் கட்டிவிட்டு, தரையில் ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டு எடுக்கச் சொல்லுங்கள். பிறகு சம்மணம் போட்டு உட்காரச் சொல்லுங்கள். எது நழுவுகிறது, எது குத்துகிறது என்று பார்த்து அவிழ்த்துக் கட்டுங்கள். பங்குனி, சித்திரை, வைகாசியில் காஞ்சிபுரம், திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கம் போனால் திரௌபதி அம்மன் கோயில் ஊர்களில் பாரதக் கூத்து நடக்கும். ஆட்டம் தொடங்குகிற நேரத்துக்குப் போகாமல் இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய், கூத்துக்காரர்களிடம் அனுமதி கேட்டு ஓரமாக உட்காருங்கள். முகம் எழுதுவதை எல்லோரும் பார்ப்பார்கள். நீங்கள் இடுப்புக் கட்டைப் பாருங்கள். முதல் முடிச்சை முன்னால் போடுகிறாரா, பக்கவாட்டிலா, எத்தனை பேர் இழுக்கிறார்கள், இழுக்கும்போது வேஷக்காரர் காலை எங்கே ஊன்றுகிறார் என்று கவனியுங்கள். சந்தேகம் இருந்தால் விடிந்த பிறகு கேளுங்கள், சொல்லிக்கொடுப்பார்கள்.